கேன்வா, ஃபிக்மா கோப்புகளைக் குழுவாகப் பராமரிப்பது: நீலகிரியில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரி, குன்னூர், ஊட்டி, கூடலூர் பக்கம் தேயிலை பாக்கெட்டுக்கு லேபிள், ஹோம்மேட் சாக்லேட்டுக்கு டப்பா, ஹோம்ஸ்டேக்கு அறிவிப்பு அட்டை, கோயில் விழாவுக்கு நோட்டீஸ் என்று ஆண்டு முழுக்க ஏதாவது டிசைன் வேலை ஓடிக்கொண்டே இருக்கும். முன்பு எல்லாம் டவுனில் ஒரு டிடிபி கடைக்காரரின் கணினியில் இருந்தது. இப்போது கேன்வா, ஃபிக்மா என்ற இணைய டிசைன் கருவிகள் வந்துவிட்டன. ஃபைல் நெட்டில் இருக்கிறது, நாலு பேர் கை வைக்கிறார்கள். வரைவதில் யாருக்கும் பெரிய சிக்கல் இல்லை. ஃபைல் யார் கணக்கில் இருக்கிறது, யார் திறக்கலாம், போன தடவை அச்சுக்குப் போனது எது, இந்த இடங்களில்தான் தகராறு வருகிறது. சுயஉதவிக் குழுக்களுக்கும் சின்னக் கடைகளுக்கும் டிசைன் வேலை பார்த்துக் கொடுக்கும் என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளும் அவற்றுக்கு நான் சொல்லும் பதில்களும் கீழே.

எங்களுக்குக் கேன்வா நல்லதா, ஃபிக்மா நல்லதா?

லேபிள், போஸ்டர், வாட்ஸ்அப்பில் அனுப்பும் படம், மெனு கார்டு, இவ்வளவுதான் வேலை என்றால் கேன்வா. குழுவில் டிசைன் படித்தவர் யாரும் இல்லாவிட்டாலும் ஓடும். இணையதளம், ஆப் மாதிரி திரை சார்ந்த வேலை இருந்தால், அல்லது ஒரே லேபிளை முப்பது வகைக்கு மாற்றி மாற்றிச் செய்ய வேண்டியிருந்தால், ஃபிக்மா. ஆனால் ஃபிக்மாவில் எல்லாமே திரைக்கான ஆர்ஜிபி நிறம்தான். அச்சுக்குத் தேவையான சிஎம்ஒய்கே நிற முறை அதில் கிடையாது. கேன்வாவில் காசு கட்டும் திட்டத்தில் சிஎம்ஒய்கே பிடிஎஃப் எடுக்கலாம். தேயிலை பாக்கெட் போடுகிறவர்களுக்கு இந்த ஒரு வித்தியாசமே போதும், கேன்வா பக்கம் போவதற்கு.

இரண்டையும் வைத்துக்கொண்டு, பாதி அதில் பாதி இதில் என்று செய்வதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அப்புறம் எந்த லோகோ எதில் இருக்கிறது என்று தேடியே நாள் போகும்.

டீம், ப்ராஜெக்ட், ஃபோல்டர், டிராஃப்ட் என்று ஏகப்பட்டது இருக்கிறது. சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

ஃபிக்மாவில் மேலே டீம், அதற்குள் ப்ராஜெக்ட், அதற்குள் ஃபைல். ப்ராஜெக்டுக்குள் இருக்கும் ஃபைல் டீமுக்குச் சொந்தம். டிராஃப்ட் என்பது அவரவர் தனி மேசை. அங்கே தொடங்கிய வேலையை ப்ராஜெக்டுக்கு நகர்த்தாமல் விட்டால் மற்றவர்கள் கண்ணில் படாது. கேன்வாவில் டீம், ஃபோல்டர், டிசைன் என்று போகும். அங்கேயும் இதே கதைதான்: ஒருவர் புது டிசைன் தொடங்கினால் முதலில் அது அவருடையது மட்டும். அவர் ஷேர் செய்தால், அல்லது ஷேர் செய்த ஃபோல்டரில் போட்டால்தான் மற்றவர்களுக்குத் தெரியும்.

"குழுவில்தானே இருக்கிறேன், ஏன் ஃபைல் தெரியவில்லை" என்று கேட்பவர்களில் பாதிப்பேருக்கு இதுதான் பதில்.

கணக்கை யார் பெயரில் தொடங்குவது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

பெரும்பாலும் நடப்பது இது. கடை முதலாளிக்கு மின்னஞ்சல் பழக்கம் இல்லை. கோயம்புத்தூரில் காலேஜ் படிக்கும் அக்கா மகன் விடுமுறைக்கு வந்தவன் தன் ஜிமெயிலில் கணக்கு தொடங்கி, அழகாக ஒரு லேபிள் போட்டுக் கொடுத்துவிட்டுப் போகிறான். ஒரு வருஷம் நன்றாக ஓடும். பிறகு அவனுக்குப் பெங்களூரில் வேலை கிடைக்கும். 250 கிராம் பாக்கெட்டில் விலையை மாற்ற வேண்டும் என்று கூப்பிட்டால் இரவு பத்து மணிக்குத்தான் போனை எடுப்பான். அவன் மேல் தப்பில்லை. கடை ஷட்டர் சாவியை அவன் பையில் போட்டு அனுப்பியது நாம்தான்.

அதனால் கடையின் பெயரில், அல்லது சங்கத்தின் பெயரில், ஒரு தனி மின்னஞ்சல் தொடங்குங்கள். சொந்த டொமைன் இருந்தால் இன்னும் நல்லது, இல்லாவிட்டால் ஜிமெயில் போதும். அந்த முகவரியில்தான் டிசைன் கணக்கின் உரிமையாளர் பொறுப்பு இருக்க வேண்டும். அக்கா மகன், டிசைனர், கணக்குப்பிள்ளை எல்லாரும் தங்கள் தங்கள் முகவரியில் உறுப்பினராகச் சேரட்டும்.

மீட்பு எண் என்று கேட்கும் இடத்தில் கடையில் எப்போதும் இருக்கும் போன் எண்ணைக் கொடுங்கள். இரண்டாவது மீட்பு வழியாக இன்னொரு பொறுப்பாளரின் மின்னஞ்சலையும் சேர்த்துவிடுங்கள். சங்கம் என்றால் செயலாளர் மாறும்போது இந்த எண்ணும் மாற வேண்டும். மினிட் புத்தகத்தில் ஒரு வரி எழுதி வைத்தால் மறக்காது.

இன்னொன்று. இரண்டு ஆண்டு யாரும் நுழையாத தனிநபர் கூகுள் கணக்கை அழிக்கும் உரிமை கூகுளுக்கு உண்டு. 2023 டிசம்பரில் இருந்து அது நடைமுறையில் இருக்கிறது. விழாவுக்கு விழா மட்டும் விழித்துக்கொள்ளும் கமிட்டிகள் இதைக் கவனிக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு தடவையாவது உள்ளே போய் ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு வாருங்கள்.

ஒரே பாஸ்வேர்டை ஐந்து பேரும் வைத்துக்கொண்டால் காசு மிச்சம்தானே அக்கா?

மிச்சம்தான், முதல் சண்டை வரும்வரை. எல்லாரும் ஒரே பெயரில் நுழைந்தால், எடை 100 கிராம் என்று இருந்ததை யார் 200 ஆக்கினார்கள் என்று ஃபைலின் மாற்ற வரலாற்றில் தெரியாது. எல்லா மாற்றமும் ஒரே ஆள் செய்ததாகவே காட்டும். புது இடத்திலிருந்து நுழையும்போது ஓடிபி ஒரே ஒரு போனுக்கோ மின்னஞ்சலுக்கோ போகும். அந்த ஆள் டவர் இல்லாத தோட்டத்தில் நின்றால் வேலை அப்படியே நிற்கும். ஒருவர் விலகினால் பாஸ்வேர்டை மாற்றி மீதி எல்லாருக்கும் சொல்ல வேண்டும். யாரும் சொல்வதில்லை.

காசுதான் கவலை என்றால் வேறு வழி இருக்கிறது. பார்ப்பதற்கும் கருத்து எழுதுவதற்கும் ஃபிக்மாவில் காசு கிடையாது. எடிட் செய்பவர்களுக்கு மட்டும்தான் சீட் கணக்கு, அதாவது ஆளுக்கு இவ்வளவு என்ற கட்டணம். கேன்வாவில் லிங்க் மூலம் இலவசக் கணக்குக்காரர் ஒருவரையும் எடிட் செய்ய விடலாம். உண்மையில் எடிட் செய்கிறவர் இரண்டு பேர்தான் என்பது உட்கார்ந்து யோசித்தால் தெரியும்.

லிங்க் அனுப்பும்போது 'வியூ', 'கமென்ட்', 'எடிட்' என்று கேட்கிறது. எதைக் கொடுப்பது?

திருத்தம் சொல்பவருக்குக் கமென்ட். சும்மா பார்த்து ஓகே சொல்பவருக்கு வியூ. உண்மையில் கை வைத்து மாற்றுபவருக்கு மட்டும் எடிட், அதுவும் லிங்காக இல்லாமல் அவருடைய மின்னஞ்சலுக்கு அழைப்பாக.

கூடலூரில் ஒரு மசாலா பொருள் விற்பவரை எடுத்துக்கொள்வோம். தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் லேபிள் வேண்டும், வாங்குகிறவர்களில் பலர் நாடுகாணி வழியாகக் கேரளாவுக்கு இறங்குபவர்கள். மலையாளத்தைச் சரிபார்க்க நிலம்பூரில் ஓர் உறவினர் இருக்கிறார். அவருக்கு எடிட் கொடுத்தால் ஆசையாக எழுத்தைத் திருத்துவார், கூடவே பெட்டியின் அளவும் நகரும், பின்னணிப் படமும் நகரும். கமென்ட் கொடுத்தால் "இந்த இடத்தில் சில்லு எழுத்து தவறு" என்று சரியாக அந்த வரியின் மேலேயே குறித்துவிடுவார். நீங்கள் திருத்திவிட்டு 'ரிசால்வ்' அழுத்தினால் முடிந்தது. போனில் "மேலே இருந்து மூணாவது வரி, இல்ல அதுக்குக் கீழ" என்று கத்த வேண்டியதில்லை.

'லிங்க் வைத்திருக்கும் எவரும் எடிட் செய்யலாம்' என்ற அமைப்பு இருக்கிறதே, அதை வாட்ஸ்அப் குரூப்பில் மட்டும் போடாதீர்கள். லிங்க் எங்கே போய்ச் சேரும் என்று உங்களுக்குத் தெரியாது. ஏற்கெனவே போட்டுவிட்டீர்களா? பதற வேண்டாம். ஷேர் பெட்டியைத் திறந்து, அழைக்கப்பட்டவர்களுக்கு மட்டும் என்று மாற்றினால் பழைய லிங்கை வைத்து வெளியாட்கள் உள்ளே வர முடியாது.

பிரஸ்ஸுக்கு எடிட் லிங்க் வேண்டவே வேண்டாம். அவர்களுக்கு பிடிஎஃப்.

டிசைனர் ஒருவர் வேலையை விட்டுப் போகிறார். என்ன செய்ய வேண்டும்?

அவரை நீக்குவதற்கு முன்பு அவரோடு ஒரு அரை மணி நேரம் உட்காருங்கள். நீக்கிய பிறகு உட்கார முடியாது.

முதலில் அவருடைய டிராஃப்ட்களையும் தனி டிசைன்களையும் திறக்கச் சொல்லி, கடைக்கு உரியவற்றைப் பொது ப்ராஜெக்டுக்கோ ஃபோல்டருக்கோ நகர்த்துங்கள். அடுத்து, உரிமையாளர் அவரா என்று பாருங்கள். ஃபிக்மாவில் டீமின் உறுப்பினர் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் 'ஓனர்' என்று இருக்கும். இருந்தால் கடையின் முகவரிக்கு அதை மாற்றிய பிறகே மற்றதெல்லாம். கார்டு விவரம் அவருடையதாக இருக்கிறதா என்றும் பாருங்கள். அவர் கார்டில் மாதாமாதம் பணம் எடுத்துக்கொண்டிருந்தால் அவர் ரத்து செய்யும் நாளில் உங்கள் திட்டமும் கீழிறங்கும்.

அப்புறம் எழுத்துருக்கள். அவர் கணினியில் மட்டும் நிறுவிய தமிழ் எழுத்துரு ஒன்றை ஃபிக்மாவில் பயன்படுத்தியிருந்தால், அடுத்த ஆள் திறக்கும்போது எழுத்துரு காணவில்லை என்று எச்சரிக்கை வரும், திருத்தவும் முடியாது. அதன் ஃபைலையும், வாங்கியது என்றால் ரசீதையும், பொது இடத்தில் வாங்கி வையுங்கள்.

இவ்வளவும் முடிந்தபின் நீக்கினால், ப்ராஜெக்டுக்குள் இருக்கும் ஃபைல்கள் அப்படியே டீமில் இருக்கும். அவர் போட்டார் என்பதற்காகக் கூடவே போய்விடாது.

சீசனுக்கு மட்டும் வருகிறவர்கள் தனி. மே மாதம் ஊட்டியில் மலர்க் கண்காட்சி, குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சி, கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சி என்று வரிசையாக இருக்கும்போது கடைகள் கல்லூரிப் பிள்ளைகளை உதவிக்கு வைத்துக்கொள்கின்றன. அவர்களுக்கு அந்த ஆண்டு சீசன் ஃபோல்டர் ஒன்றுக்கு மட்டும் எடிட் கொடுங்கள். லேபிள் ஃபோல்டர் அவர்களுக்குத் தேவையில்லை. ஜூன் முதல் மழைக்கு முன்னால் அழைப்பை எடுத்துவிடுங்கள்.

எல்லாமே பழைய டிசைனர் கணக்கில்தான் இருக்கிறது. இனிமேல் வாங்க முடியுமா?

பேச்சுவார்த்தை இருந்தால் முடியும். கேன்வா என்றால் அவர் எடிட் லிங்க் அனுப்பட்டும். நீங்கள் கடையின் கணக்கில் நுழைந்து அதைத் திறந்து 'மேக் அ காப்பி' கொடுத்தால் நகல் உங்களுடையதாகிவிடும். அவர் காசுத் திட்டத்தில் எடுத்த படங்கள் அதில் இருந்தால், உங்கள் இலவசக் கணக்கில் டவுன்லோடு செய்யும்போது காசு கேட்கும். ஃபிக்மா என்றால் ஃபைலின் உள்ளூர் நகலைச் சேமித்து அனுப்பச் சொல்லி, உங்கள் டீமில் இறக்குமதி செய்யலாம். இப்படிச் செய்தால் பழைய கருத்துகளும் பதிப்பு வரலாறும் வராது. டிசைன் மட்டும் வரும்.

அவர் தரமாட்டேன் என்றால்? இங்கே சட்டம் கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது. 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, மாதச் சம்பளத்தில் இருக்கும் பணியாளர் வேலையின் பகுதியாகச் செய்தது பொதுவாக முதலாளிக்குச் சொந்தம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால். ஆனால் வெளியாளாக, துண்டு வேலையாகச் செய்து கொடுத்தவரிடமிருந்து உரிமை உங்களுக்கு வர வேண்டுமானால் அதை எழுத்தில் வாங்கி, அவர் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். அந்த எழுத்தில் காலம் குறிப்பிடாவிட்டால் 5 ஆண்டு என்றுதான் எடுத்துக்கொள்ளப்படும். காசு கொடுத்தோம், அதனால் நம்முடையது என்பது எல்லா நேரமும் செல்லாது. வழக்கு வரை போவதென்றால் வக்கீலைப் பாருங்கள், நான் டிசைன் வேலை செய்பவள்.

புதிதாக ஆள் வைக்கிறவர்கள் இரண்டு வரி எழுதிக்கொண்டால் இந்தப் பாடே இல்லை: ஃபைல் கடையின் கணக்கில்தான் தொடங்கப்படும், கடைசித் தவணை ஃபைல் ஒப்படைத்த பிறகு. நல்ல டிசைனர் யாரும் இதற்குக் கோபித்துக்கொண்டதை நான் பார்த்ததில்லை.

யாரோ டிசைனைக் கெடுத்துவிட்டார்கள். பழையதைத் திரும்பக் கொண்டுவரலாமா?

ஃபிக்மாவில் பதிப்பு வரலாறு எல்லாருக்கும் உண்டு. இலவசத் திட்டத்தில் கடைசி 30 நாள் வரை பார்க்கலாம், காசுத் திட்டத்தில் முழுவதும். அச்சுக்கு அனுப்பும் நாளில் "2025 ஏப்ரல், அச்சுக்குப் போனது" என்று பெயர் வைத்து ஒரு பதிப்பைச் சேமித்துவிடுங்கள், பின்னால் தேடுவது சுலபம். கேன்வாவில் பதிப்பு வரலாறு காசுத் திட்டத்திலும், பள்ளிகளுக்கும் தொண்டு அமைப்புகளுக்கும் தரும் இலவசத் திட்டத்திலும்தான் இருக்கிறது. சாதாரண இலவசக் கணக்கு என்றால் பெரிய மாற்றத்துக்கு முன் நகல் எடுத்து வைப்பதைத் தவிர வழியில்லை.

மொத்தமாக அழித்துவிட்டால் முதலில் ட்ராஷைப் பாருங்கள். கேன்வாவில் அழித்தது 30 நாள் அங்கே கிடக்கும், அதன்பின் தானாகவே போய்விடும். அழித்தவருடைய கணக்கில் தேட வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

மழைக்காலத்தில் கரண்டும் நெட்டும் போய்விடுகிறது. இதை நம்பி எப்படி வேலை செய்வது?

நியாயமான கேள்வி. குன்னூர், கோத்தகிரி பக்கம் அக்டோபர், நவம்பர் மழைதான் மோசம். மரம் விழுந்து லைன் அறுந்தால் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. கரண்ட் போய்க் கொஞ்ச நேரத்தில் டவர் பேட்டரியும் இறங்கிவிடும்.

ஃபிக்மாவில் ஃபைல் திறந்திருக்கும்போது நெட் போனால் தொடர்ந்து வேலை செய்யலாம். நெட் திரும்பியதும் மாற்றங்கள் மேலே ஏறும். அதுவரை அந்தத் தாவலை மூடக்கூடாது. மூடிய ஃபைலை நெட் இல்லாமல் புதிதாகத் திறப்பதை நம்பாதீர்கள். இன்னொரு சிக்கல்: நீங்கள் நெட் இல்லாமல் விலையை மாற்றிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் மேட்டுப்பாளையத்தில் இருப்பவர் நெட்டோடு அதே பெட்டியை மாற்றினால், நெட் வந்ததும் இரண்டில் ஒன்றுதான் மிஞ்சும். ஆகவே மழை நாளில் யார் எந்தப் பக்கத்தைத் தொடுகிறார்கள் என்று முதலிலேயே போனில் பேசிவிடுங்கள்.

அச்சுக்கு நாள் குறித்தாகிவிட்டது என்றால் வானிலையைப் பார்த்து இரண்டு நாள் முன்பே பிடிஎஃப் எடுத்து பென்டிரைவில் போட்டுவிடுவேன். பாதை அடைபட்டாலும் கோயம்புத்தூர் பஸ்ஸில் யாராவது ஒருவர் எப்படியாவது இறங்குவார், அவர் பையில் அது போய்விடும். நெட்டை நம்பிய வேலைக்குப் பென்டிரைவா என்று சிரிக்கலாம். சிரித்துக்கொண்டே எடுத்து வையுங்கள்.

ஃபைலுக்கு என்ன பெயர் வைப்பது? எங்களிடம் "இறுதி", "இறுதி புதுசு", "இறுதி உண்மை" என்று கிடக்கிறது.

எல்லார் வீட்டிலும் அப்படித்தான். "இறுதி" என்ற சொல்லையே தடை செய்யுங்கள். பொருள், அளவு, மொழி, ஆண்டு-மாதம் என்ற வரிசை போதும்: "பச்சைத் தேயிலை, 100 கிராம், தமிழ், 2025-08". ஆண்டை முன்னால் போட்டு மாதத்தை இரண்டு இலக்கத்தில் எழுதினால் வரிசைப்படுத்தும்போது தானாகவே ஒழுங்காக நிற்கும்.

ஃபோல்டர்கள் மூன்று இருந்தால் சமாளிக்கலாம். நடப்பு வேலை ஒன்று, அச்சுக்குப் போனவை ஒன்று, லோகோவும் படங்களும் ஒன்று. அச்சுக்குப் போன ஃபோல்டரில் யாருக்கும் எடிட் கிடையாது, பார்க்க மட்டும். போன பேட்ச் பாக்கெட்டில் என்ன எழுதியிருந்தது என்று ஆய்வாளர் கேட்டால் அந்த ஃபோல்டர்தான் பதில் சொல்லும்.

திரையில் சரியாக இருக்கும் தமிழ் எழுத்து, பிரஸ்ஸில் கொம்பு ஒரு பக்கம் கால் ஒரு பக்கம் ஆகிவிடுகிறது. ஏன்?

கேன்வாவும் ஃபிக்மாவும் யூனிகோட் தமிழை (போனிலும் நெட்டிலும் இப்போது பொதுவாகப் பயன்படும் எழுத்து முறை) சரியாகவே கோத்துக் காட்டும். பிரஸ்ஸில் பிடிஎஃப்பை வேறொரு மென்பொருளில் திறந்து, எழுத்தை எழுத்தாகவே திருத்தப் பார்க்கும்போதுதான் உடைகிறது. அந்த மென்பொருளில் இந்திய மொழிக்கான அமைப்பு போடப்படாமல் இருந்தால் "கொ" என்பது தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். "கோத்தகிரி" என்ற பெயரிலேயே முதல் எழுத்து பல்லிளிக்கும், கவனித்திருப்பீர்கள்.

ஆகவே பிரஸ்ஸுக்குத் திருத்தக்கூடிய எழுத்தாக அனுப்பாதீர்கள். கேன்வாவில் 'பிடிஎஃப் பிரின்ட்' எடுக்கும்போது 'ஃபிளாட்டன்' என்ற கட்டத்தைத் தட்டுங்கள். அதே இடத்தில் வெட்டுக்குறியும் ப்ளீடும் இருக்கும், அதையும் தட்டுங்கள். ப்ளீட் என்பது வெட்டும்போது ஓரத்தில் வெள்ளை தெரியாமலிருக்க வெளியே நீட்டும் பகுதி, சுற்றிலும் 3 மில்லிமீட்டர் வழக்கம். திருத்தம் இருந்தால் உங்களிடம் சொல்லட்டும், நீங்கள் மூல ஃபைலில் திருத்தி மறுபடி அனுப்புங்கள். அவர்கள் கணினியில் திருத்தினால் அடுத்த பேட்சுக்கு உங்கள் ஃபைலும் அவர்கள் ஃபைலும் வேறு வேறாக இருக்கும்.

பழைய டிடிபி கடையில் பாமினி போன்ற யூனிகோட் அல்லாத எழுத்துருவில் அடித்த நோட்டீஸை அப்படியே கொண்டுவந்து ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத்தான் வரும். யூனிகோடாக மாற்றித் தரும் கருவிகள் நெட்டில் இலவசமாகக் கிடைக்கின்றன, மாற்றியபின் ஒரு தடவை முழுக்கப் படியுங்கள். குழு முழுக்க ஒரே எழுத்துருவைப் பயன்படுத்த வேண்டும் என்றால் நோட்டோ சான்ஸ் தமிழ், கேடமரான், முக்தா மலர் போன்ற கூகுள் எழுத்துருக்களில் ஒன்றை எடுங்கள். ஃபிக்மாவில் யார் கணினியில் திறந்தாலும் அவை இருக்கும், தனியாக நிறுவ வேண்டியதில்லை.

லேபிளில் சில விஷயங்களை யாரும் தொடக்கூடாது. பூட்ட முடியுமா?

முடியும், ஆனால் அது பாதிப் பூட்டுதான். எடிட் உரிமை உள்ள ஆள் நினைத்தால் திறந்துவிடலாம். கை தவறிப் படாமலிருக்க மட்டும் உதவும். எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண்ணின் 14 இலக்கம், நிகர எடை, முகவரி, இவற்றை எல்லாம் பூட்டி வையுங்கள். பேட்ச் எண்ணும் தேதியும் முத்திரை குத்துவதற்கு விட்ட வெற்றிடத்தையும் பூட்டுங்கள். அழகாக இல்லை என்று யாராவது அங்கே ஒரு இலைப் படத்தை வைத்துவிடுவார்கள்.

பொது ஃபோல்டரில் நீலகிரி தேயிலை லோகோ, தோடர் பூத்தையல் படம் எல்லாம் கிடக்கிறது. எடுத்துப் போட்டுக்கொள்ளலாமா?

கூடாது. நீலகிரித் தேயிலை லோகோ தேயிலை வாரியத்துடையது, அனுமதி வாங்கியவர்கள்தான் போடலாம். அனுமதி உங்களிடம் இருந்தால் அந்தக் கடிதத்தின் நகலையும் லோகோ பக்கத்திலேயே வையுங்கள். இல்லையென்றால் அந்த ஃபைலை ஃபோல்டரிலிருந்தே எடுத்துவிடுங்கள், கிடந்தால் யாராவது போடுவார்கள்.

தோடர் பூத்தையலுக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மக்கள் கையால் தைக்கும் சிவப்பு, கறுப்புக் கோலத்தைக் கிளிப் ஆர்ட் மாதிரி சாக்லேட் டப்பாவில் ஒட்டுவது எனக்குப் பிடிப்பதில்லை. சட்டம் என்ன சொல்கிறது என்பது ஒரு பக்கம் இருக்கட்டும். மந்தில் (தோடர் குடியிருப்பில்) போய்க் கேட்டுவிட்டு, அவர்களிடமே வேலை வாங்கிப் படம் எடுத்துப் போடலாமே.

இதோடு சேர்த்து ஒன்று சொல்ல வேண்டும்: கேன்வாவின் நூலகப் படங்களை வைத்துச் செய்த லோகோவை வணிகச் சின்னமாகப் பதிவு செய்ய முடியாது, அதே படம் யாருக்கும் கிடைக்கும் என்பதால். பிராண்டாக வளர்க்க நினைத்தால் லோகோவை மட்டும் வரைந்து வாங்குங்கள்.

ஹோம்ஸ்டேயில் விருந்தினருக்குத் தரும் தகவல் அட்டை அடிக்கடி மாறுகிறது. ஒவ்வொரு தடவையும் அச்சடிப்பதா?

2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. 2025 ஏப்ரல் முதல் நீலகிரிக்கு ஒரு நாளைக்கு வார நாளில் 6000, வார இறுதியில் 8000 வண்டி என்று சென்னை உயர் நீதிமன்றம் வரம்பு போட்டது. இப்படி மாறுகிற விஷயத்தை அச்சடித்த அட்டையில் போட்டால் அடுத்த சீசனில் அது குப்பை. வழி, செக்-அவுட் நேரம், வெந்நீர் நேரம் போன்ற மாறாதவற்றை அச்சடியுங்கள். மாறுகிறவற்றுக்கு ஒரு க்யூஆர். அந்த க்யூஆர் டிசைனின் பார்க்கும் லிங்குக்குப் போகட்டும். நீங்கள் டிசைனில் திருத்தினால் போதும், ஒட்டிய க்யூஆர் மாற வேண்டியதில்லை. அறைக்கு ஒட்டும் முன் உங்கள் கணக்கில் இல்லாத வேறு போனில் ஸ்கேன் செய்து பாருங்கள், உள்நுழையச் சொல்லிக் கேட்டால் லிங்க் அமைப்பு தவறு.

பள்ளிக்கும் அறக்கட்டளைக்கும் இலவசம் என்கிறார்களே?

உண்மைதான். பள்ளி ஆசிரியர்களுக்குக் கேன்வாவின் கல்வித் திட்டம் இலவசம், ஆசிரியர் என்பதற்குச் சான்று காட்ட வேண்டும். மாணவர்கள் ஆசிரியரின் அழைப்பில் சேரலாம். பதிவு செய்த தொண்டு அமைப்புகளுக்கும் தனி இலவசத் திட்டம் உண்டு, பதிவுச் சான்றிதழ் கேட்பார்கள். ஃபிக்மாவும் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இலவசக் கல்வித் திட்டம் தருகிறது. பதிவே செய்யாத விழாக் கமிட்டிக்கு இதெல்லாம் வராது.

போனிலேயே எல்லாம் செய்யலாமா?

கேன்வாவில் வாட்ஸ்அப் படம் செய்யலாம், கமென்ட் பார்த்து ஓகே சொல்லலாம். அச்சு வேலைக்கு லேப்டாப். ஐந்து அங்குலத் திரையில் 3 மில்லிமீட்டர் தெரியாது.

ஆதார், ஜிஎஸ்டி சான்றிதழ், விருந்தினர் படம் எல்லாவற்றையும் இதே ஃபோல்டரில் போட்டு வைக்கிறோம். பரவாயில்லையா?

டிசைன் ஃபோல்டரில் ஆதார் எதற்கு? எங்கேயும் கைக்கு எட்டும் இடம் அதுதான் என்பதால் போடுகிறார்கள், புரிகிறது. ஆனால் சீசனுக்கு வந்த பையன், மலையாளம் பார்க்கும் உறவினர், பழைய டிசைனர் எல்லாரும் அந்த ஃபோல்டருக்குள் வந்து போனவர்கள். ஆவணங்களுக்கு வேறு இடம், முதலாளியும் கணக்குப்பிள்ளையும் மட்டும் திறக்கிற மாதிரி. விருந்தினர் படத்தை போஸ்டரில் போடுவதானால் அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டு, சம்மதம் சொன்ன வாட்ஸ்அப் செய்தியின் ஸ்கிரீன்ஷாட்டை எடுத்து வையுங்கள். ஏற்கெனவே ஆதாரைப் போட்டாகிவிட்டது என்றால் அழித்த கையோடு ட்ராஷையும் காலி செய்யுங்கள், அப்புறம் யார் யாருக்கு அந்த ஃபோல்டர் ஷேர் ஆகியிருக்கிறது என்ற பட்டியலைத் திறந்து பாருங்கள். தெரியாத பெயர் குறைந்தது இரண்டு இருக்கும்.